பிடிமண்ணோடு வந்த வெள்ளைக் குதிரை

"குதிரையை விடுங்க."

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டபோது சண்முகவள்ளியின் கையில் தலைக்கயிறு, காலில் முழங்கால் வரை கரிசல் சேறு, மனசில் காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சல். உச்சிப்புளியிலிருந்து ஐப்பசி மழையில் முப்பது கிலோமீட்டர் வண்டியில் வந்து, கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து எழுந்து, ஒருவழியாக அய்யனார் கோயில் முன்னால் நின்ற வெள்ளைக் குதிரைப் பக்கத்தில் போய் நின்றால்... இப்போது இது வேறா?

திரும்பினாள். தூக்குவாளியும் கையுமாக ஒருத்தன் நின்றான். புருவத்தில் மழைத்துளி தொங்கியது... அதற்குக் கீழே இரண்டு கண்கள். கோபப்படவே தெரியாதவன் கோபப்பட்டுப் பார்க்கிற கண்கள். இந்த நேரத்தில் போய் இதைக் கவனிக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"கைவிட்ட குதிரைகளைக் கொண்டுபோய் வைத்தியம் பாக்கிற காப்பகம் எங்களது. நான் அங்க டாக்டர். நீங்க யாரு?"

"சேதுராமன். இந்தக் கோயில் பூசாரி மகன். இது அய்யனாரு குதிரைங்க. யாரும் கட்டக் கூடாது."

அய்யனார் குதிரையாமே. கடற்கரையில் சவாரிக்கு ஓட்டிவிட்டு, நொண்ட ஆரம்பித்ததும் எவனோ புண்ணியவான் விரட்டிவிட்ட குதிரை. முதுகில் சேணம் உரசிய புண் இன்னும் ஆறவில்லை.

அவன் சொன்னதைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆடியில் புரவி எடுப்பு. ஊரே மண்குதிரைகளைத் தோளில் தூக்கி வந்த அன்றைக்கு, ஊர்வலத்தின் கடைசியில் இதுவும் நொண்டி நொண்டி வந்து மண்குதிரை வரிசையில் நின்றுவிட்டதாம். ஊர் சும்மா இருக்குமா? கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து இதைக் கட்டுவதில்லை, விரட்டுவதில்லை, ஊசி போட யாரையும் கிட்டே விடுவதில்லை.

"வாளியில என்ன?"

"சர்க்கரைப் பொங்கல். மூணு மாசமா தெனம் காலையில நாந்தேன் கொண்டாந்து வைக்கிறேன். நல்லா சாப்பிடும்..." சொல்லும்போதே முகத்தில் பெருமை வேறு.

வள்ளி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கன வாங்க. குளம்பு மேல கை வைங்க."

வைத்தான். "கொதிக்குதுங்களே..."

"கொதிக்கத்தான் செய்யும். இனிப்பு சேரச் சேர குளம்புக்குள்ள வீங்கும். நிக்கிற ஒவ்வொரு நிமிசமும் அதுக்கு வலி. இப்படியே போனா படுத்துரும். படுத்துட்டா அப்புறம் பொழைக்கிறது கஷ்டம்."

அவன் கையை எடுக்கவே இல்லை. முகம் மட்டும் வெளுத்துப் போனது. பாவம்... தெரியாமல் செய்திருக்கிறான் என்று அவள் இளகுகிற நேரம் பார்த்து, குடையோடு பூசாரி மூக்கையா வந்து சேர்ந்தார். பின்னாலேயே பாதி ஊர்.

"சாமி குதிரை எல்லை தாண்டக் கூடாது தாயி. அதுக்கு வேண்டியத அய்யனாரே பாத்துக்கிருவாரு."

"அய்யா, நீங்க போடுற பொங்கல்தான் அதுக்கு வெசம். உங்க மகனையே கேளுங்க. இப்பத்தான் தொட்டுப் பாத்தாரு."

"ஏலே, இந்தப் புள்ள சொல்றது நெசமா?"

சேதுராமன் அப்பாவைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "எனக்கென்னய்யா தெரியும்..."

பாவமாவது ஒன்றாவது! வள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.

ஆனால் விடவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். கட்டத்தானே கூடாது? குதிரையைத் தட்டிக்கொடுத்துக் கூட்டிப் போய்க் குளம்புச் சூடு தணியக் கண்மாய்த் தண்ணீரில் மணிக்கணக்காக நிறுத்தினாள். வைக்கோல் தவிர எதையும் போடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கும்பிட்டாள். எல்லோரும் பொறுப்பாகத் தலையாட்டினார்கள். காலையில் பார்த்தால் குதிரை வாயில் வெல்லம் ஒட்டியிருக்கும். இந்த ஊருடைய பக்தியை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது?

நாலாம் நாள் விடிந்ததிலிருந்து அடைமழை. அவள் ஓடி வந்தபோது குதிரை படுத்திருந்தது. தலைமாட்டில் சேதுராமன், தொப்பலாக நனைந்து, கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தான்.

"நாலு பேரு பொங்கலோட வந்தாங்க. திருப்பி அனுப்பிட்டேன்." குச்சியைக் கீழே போட்டான். "அன்னைக்கே அய்யாகிட்ட சொல்லியிருக்கணும். ஊரு முன்னாடி நாந்தேன் கெடுத்தேன்னு ஒத்துக்க வாய் வரல..."

"இப்ப வருமா?"

எழுந்து போனான். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தினான்.

"அய்யா, நாந்தேன் பொங்கலாப் போட்டு இதப் படுக்க வச்சேன். இங்கனயே கெடந்தா செத்துப்போகும். எல்லை தாண்டக் கூடாதுன்னா எல்லையக் கொண்டுபோவோம். பிடிமண் எடுத்துக் குடுங்க."

வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவர்கள் சாமி முன்னாலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம். மண் இறங்குகிற இடத்திலும் அதே சாமி, அதே எல்லை. மூக்கையா மழையில் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குதிரை மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தது. கடைசியில் குனிந்து, ஈர மண்ணை அள்ளினார்.

அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆடியில் மண்குதிரை சுமந்தவர்களே தார்ப்பாயை அடியில் செருகி, தோள் கொடுத்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

"பிடிமண் போற எடத்துல தெனம் வெளக்குப் போடணுங்க," என்றான் சேதுராமன், வண்டிக் கதவைப் பிடித்தபடி. "பூசாரி வீட்டு ஆளுதேன் போடணும்."

"போடுங்க. முதல்ல கையை எடுங்க, கதவைச் சாத்தணும்."

அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணி ஆனால் காப்பகத்து வாசலில் பைக் சத்தம். விளக்கேற்ற அஞ்சு நிமிஷம். மிச்சம் இரண்டு மணி நேரம் தண்ணீர் பிடிப்பான், சாணி அள்ளுவான், குதிரைக்கு மெத்தென்று மணல் பரப்புவான், அவள் திரும்புகிற பக்கமெல்லாம் குறுக்கே நிற்பான். "வைக்கோல் இவ்வளவு போதுமாங்க?" என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பான். வள்ளிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்... நாலு பத்துக்கும் பைக் வராவிட்டால் அதைவிட அதிகமாக வந்தது.

இருபத்தோராம் நாள் குதிரை தானாக எழுந்து நாலடி நடந்தது. சேதி கேட்டு மூக்கையா பஸ் பிடித்து வந்து, குளம்பைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார்.

"உங்க மகன் ஒரு நாள் தவறாம வந்து வெளக்குப் போடுறாருய்யா," என்றாள் வள்ளி.

"வெளக்கா? அத நீயே போடலாமே தாயி. மருந்து குடுக்கையில குதிரையப் பிடிக்க ஆளில்ல, டாக்டரம்மா தெனம் வரச் சொல்லுதுன்னுல்ல எங்கிட்ட சொன்னான்?"

வள்ளி திரும்பினாள். தண்ணீர் வாளியோடு சேதுராமன் நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. பூசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"எங்கிட்ட ஒரு பொய். அவர்கிட்ட ஒரு பொய்."

"ஆமா..."

"அதுலயும் சாமி பேரைச் சொல்லி."

"ஆமாங்க..."

"எதுக்கு?"

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"ஒங்களப் பாக்கத்தான். அன்னைக்குச் சேத்துல உக்காந்துக்கிட்டுத் திட்டுனீங்கள்ல... அப்ப இருந்து ஒங்க நெனப்பாவே இருக்கு. ஒங்களக் கட்டிக்கிடணும்னு ஆசை. ஒரு தடவ வாய மூடிக்கிட்டு நின்னு, ஒரு சீவன் சாகப் பாத்துச்சு. இன்னொரு தடவ அப்படி நிக்க மாட்டேன்."

தகரக் கூரையில் மழை கொட்டியது. வள்ளிக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது.

"இருபத்தோரு நாள். தெனம் மூணரை மணிக்கே வாசலைப் பாத்துக்கிட்டு, வருவீங்களா மாட்டீங்களான்னு ஒரு வேலை ஓடலை எனக்கு. இதைச் சொல்ல இத்தனை நாளா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவன் கண்கள் அகலமாக விரிந்தன. இனி மழுப்பிப் பிரயோசனமில்லை... மழுப்பவும் அவளுக்கு மனசில்லை.

"போய் உங்க அய்யாவைக் கூப்பிடுங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர்கிட்ட சொன்ன பொய்யை முதல்ல ஒத்துக்கங்க. அப்படியே... எங்க வீட்டுக்கு என்னைக்கு வாராருன்னும் கேட்டுச் சொல்லுங்க."