பச்சை விழுந்ததும்

வானம் ஒழுகுகிறதா என்று சுவரில் காதை வைத்துக் கேட்பதுதான் யாழரசியின் உத்தியோகம். செவ்வாயில் மனிதர்கள் குடியிருக்கும் கண்ணாடிக் குமிழ்களில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தால்கூட உள்ளே இருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியே போகத் தொடங்கிவிடும். அதைப் பிடிக்கக் கருவிகள் உண்டு. ஆனால் செம்மண் தூசி ஏறிய ஆறாவது மாதத்தில் அவை செவிடாகிவிடும். யாழரசியின் காதுகள் நாற்பத்தாறு வயதிலும் செவிடாகவில்லை. பதினெட்டு வருடங்களில் முப்பத்தோரு கசிவுகளைக் கண்டுபிடித்தவர். அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

தினமும் காலையில் மருதக் குமிழிலிருந்து நெய்தல் குமிழுக்கு நாற்பது கிலோமீட்டர் காரில் போவார். காரை அவர் ஓட்டுவதில்லை; அங்கே யாருமே ஓட்டுவதில்லை. கார்கள் 'ஊர்திப்பேச்சு' என்ற ரேடியோ வழியில் தங்களுக்குள் பேசிக்கொண்டு தாமாகவே போய்வரும். ஸ்டீரியோவில் நாகஸ்வரத்தைப் போட்டுவிட்டுச் சாய்ந்துகொள்வது ஒன்றுதான் யாழரசியின் வேலை. அந்த நாகஸ்வரத்துக்கு நடுவே போன மாதம் சத்தம் நுழைந்தது.

சரியாகச் சொன்னால் இரண்டு சத்தங்கள். கார் வேகமெடுக்க எடுக்கக் கூடவே ஏறும் 'ஙொய்' என்ற இரைச்சல் ஒன்று. அவ்வப்போது 'பட் பட் பட்டார்' என்று வெடித்து அடங்குவது இன்னொன்று.

காரைத் தயாரித்த செந்தடம் ஊர்திக் கழகத்துக்குக் கொண்டுபோனார். பொறியாளர் இன்பசேகரன் ஒரு கருவியைச் செருகி எடுத்தான்.

"ஸ்டீரியோ சுத்தமா இருக்கு மேடம். மூணு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன். சத்தம் உங்க காதுல வருதோ என்னவோ."

"என் காதுலயா?"

"வயசானா சில பேருக்கு அப்படி இரையும். தப்பா நெனைக்காதீங்க."

நல்ல பிள்ளைதான். ஆனால் படிவத்தில் 'குறை உள்ள இடம்' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. 'வாடிக்கையாளரின் செவி' என்று நிரப்பிவிட்டான். செவ்வாயில் படிவங்கள் ஒன்றையொன்று படித்துக்கொள்ளும். மறுநாளே மருத்துவக் குழுவின் உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமை நேரில் வர வேண்டும். அதுவரை கசிவு கேட்கக் கூடாது. குறை உறுதியானால் வேலை போய்விடும்.

பதினெட்டு வருடம் இந்தக் காதுகளை நம்பித்தானே இரண்டு குமிழும் நிம்மதியாகத் தூங்கின? "காரா காதான்னு பாத்துடலாம்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காருக்குள் ஏறினார். முகப்புப் பலகையில் 'திறப்பது தண்டனைக்குரியது' என்ற சிவப்பு ஒட்டுத்தாள் இருந்தது. முதலில் அதைத்தான் கிழித்தார்.

நாகஸ்வரத்தின் ஒலியை முழுதாகக் குறைத்தார். பாட்டு நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. அப்படியென்றால் அது பாட்டோடு வரவில்லை, பாட்டுக்குப் பிறகு எங்கோ உள்ளே புகுகிறது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எர்த் வயரைக் கழகத்தார் பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போட்டு முறுக்கி வைத்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் மறுபடி முறுக்கினார். 'ஙொய்' அடங்கியது. "சுத்தமா இருக்காம், சுத்தமா" என்று வாய்விட்டுத் திட்டினார்.

'பட்டார்' மட்டும் பிடிகொடுக்கவில்லை. இரண்டு நாள் காரிலேயே சுற்றிக் குறிப்பெடுத்தார். நடுவழியில் அது வரவே இல்லை. குமிழைவிட்டு வெளியேறும் இரட்டைக் கதவு அறைக்கு முன்னால், அதாவது காற்றுப்பூட்டின் முன்னால் வரிசையில் நிற்கும்போதுதான் வந்தது. அதுவும் பச்சை விளக்கு விழுந்த அதே நொடியில். ஸ்பீக்கர் வயர் ஊர்திப்பேச்சுப் பெட்டியை உரசிக்கொண்டு ஓடியது. வயரைத் தள்ளிவைத்தால் சத்தம் இல்லை, ஒட்டிவைத்தால் உண்டு. கார்களின் பேச்சைத்தான் அந்த வயர் ஆன்டெனாபோல வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாட்சியைக் கலைக்கக் கூடாதென்று வயரை ஒட்டியே வைத்து, சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்.

சனிக்கிழமை, குழுவின் தலைவர் டாக்டர் ஜெசிந்தாவிடம் பச்சை விளக்கு விழும்போது வருவது என்று சொல்லி அந்தப் பதிவை ஓடவிட்டார். பூமியிலிருந்து வந்து இரண்டே வருடமான ஜெசிந்தா திடுக்கிட்டு நிமிர்ந்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது ஹாரன்மா! எங்க திருச்சில சிக்னல் பச்சை விழுந்தா இப்படித்தான், அத்தன வண்டியும் ஒண்ணா அடிக்கும்."

செவ்வாயில் பிறந்தவர்களுக்கு ஹாரன் என்றால் என்னவென்றே தெரியாது. வெளியே சத்தத்தைச் சுமக்கப் போதுமான காற்றில்லை என்பதால் கார்களுக்கு அதை யாரும் வைக்கவே இல்லை. வரவழைக்கப்பட்டிருந்த இன்பசேகரன் பதிவை உடைத்துப் படித்தான். அவன் முகம் கோணியது.

"எடம், வேகம், தூரம்… இதோட இன்னொரு செய்தி இருக்கு. 'நகரு'ன்னு பின்னாடி வண்டி முன்னாடி வண்டிக்குச் சொல்லுது. நாப்பது வண்டியும் சொல்லுது. பூமியோட பழைய ரோட்டுப் பதிவுகள வச்சுத்தான் இதுங்களுக்கு ஓட்டப் பழக்கினோம். அப்போ கத்துக்கிட்டிருக்கு."

"கதவு தொறந்தப்புறம் சொல்லுதா?" என்றார் யாழரசி.

"இல்ல மேடம். பச்சை விழுந்து கதவு தொறக்க இன்னும் ஆறு செகண்ட் இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

இன்பசேகரன் தலையைச் சொறிந்தான். "சும்மாதான் போல."

யாழரசிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கழகம் மன்னிப்புக் கேட்டது. அந்த வீண் செய்தியை ஞாயிற்றுக்கிழமை இரவே எல்லாக் கார்களிலிருந்தும் ரேடியோ வழியாக அழித்துவிடுவதாகச் சொன்னது. வயரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றும் கெஞ்சியது. "இனிமே என் வண்டில எவனும் கைய வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை, நெய்தல் பள்ளிக்கூடச் சுவரில் ஏதோ சீறுகிறது என்று அவசர அழைப்பு வந்தது. யாழரசி பறந்துபோய்க் காற்றுப்பூட்டு வரிசையில் பதினேழாவதாக நின்றார். பச்சை விழுந்தது. ஸ்டீரியோ நாகஸ்வரத்தைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கதவும் திறந்தது.

ஒரு கார்கூட நகரவில்லை.

கதவு மூடியது, மறுபடி பச்சை விழுந்தது, மறுபடி திறந்தது. பத்து நிமிடம் போயிற்று. அங்கே பிள்ளைகள் இருக்கும் சுவர் ஒழுகுகிறது, இங்கே வண்டி மரம் மாதிரி நிற்கிறது. அப்போது இன்பசேகரன் கூப்பிட்டான்.

"மேடம், பின்னாடி இருந்து யாராவது சொன்னாத்தான் முன்னாடி வண்டி கெளம்பும்னு இதுங்க கத்துக்கிட்டிருக்கு. சரிபண்ண நேரமாகும். அந்தப் பதிவு இருக்கா உங்ககிட்ட?"

"எந்தப் பதிவு தம்பி? என் காதுல வந்த சத்தமா?"

"மேடம், ப்ளீஸ்!"

ஸ்பீக்கர் வயர் இன்னும் பெட்டியை ஒட்டியேதான் கிடந்தது; வாங்கத் தெரிந்த வயருக்குக் கொடுக்கவும் தெரியும். யாழரசி நாகஸ்வரத்தை நிறுத்திவிட்டு, ஒலியை உச்சத்தில் வைத்துப் பதிவை ஓடவிட்டார். பட் பட் பட்டார்! வரிசையின் தலையில் நின்ற வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. யாழரசியின் காரும் உருளத் தொடங்கியது.

அவர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். பட் பட் பட்டார்!

"ஒரு தடவ போதும் மேடம். அதான் வண்டியெல்லாம் போகுதே!"

"தெரியுது தம்பி" என்று சொல்லிவிட்டு, யாழரசி இன்னும் இரண்டு முறை அழுத்தினார்.