மூன்றாம் நாள் கறுத்த கடிதம்

"எழுதறப்ப நீலமா இருந்து, அப்புறம் கறுப்பாகிற மை ஏதாவது உண்டா?"

பேனாக்கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி அல்ல அது. கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த புட்டியைக் கீழே வைத்தார். கேட்டவளுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைக் கழுத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. தையல்காரி.

"உண்டு" என்றார் அவர். "ஆனா மை வாங்க வந்தவங்க முகம் இல்லையே இது. மாடிக்கு வாங்க. அத்தான் இருக்கார்."

மாடியில் இருந்தவர் முப்பது வருடம் நீதிமன்றங்களுக்காகக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தவர். ஊரில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். கீழே கடை வைத்திருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. லென்ஸ்காரர் அவரை 'மச்சான்' என்று அழைக்க, ஊரும் அப்படியே அழைத்தது. பேனாவை விற்பதைவிட வழக்குகளில் மூக்கை நுழைப்பதில்தான் மச்சானுக்கு ருசி.

தையல்காரி பையிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஆறு வருஷத்துக் கடிதம். என் வீட்டுக்காரர் எழுதினது. கப்பல்ல மெக்கானிக். ஒரு சண்டையில கோவிச்சுக்கிட்டுப் போனார். சண்டை எதுக்குன்னு கேட்டா இப்ப சொல்லத் தெரியல. ரெண்டு மாசத்துக்கு ஒரு கடிதம் வரும். கடல்ல இருக்கவருக்கு என்ன முகவரி? நான் ஒண்ணுகூட எழுதினதில்ல. படிக்கிறதோட சரி."

"கடைசிக் கடிதம்?"

அவள் அதைத் தனியாக எடுத்து நீட்டினாள். லென்ஸ்காரர் வாய்விட்டுப் படித்தார். 'என் தையலுக்கு. நான் நலம். இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீ சன்னலோரம் மெஷினில் குனிந்து தைக்கும் காட்சி கண்ணிலேயே நிற்கிறது. அந்தக் காட்சியோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுத மாட்டேன்.'

"கையெழுத்து அவரோடதுதான்" என்றாள் அவள். "ஆனா பேச்சு அவரோடதில்ல. வந்த அன்னிக்குச் சாயங்காலம் படிச்சேன், நீலமா இருந்தது. மூணாம் நாள் மனசு கேக்காம மறுபடி எடுத்தா, கறுப்பு. என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன்."

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அது பதிவேட்டு மைம்மா. இரும்புச் சத்து கலந்தது. எழுதறப்ப நீலம், காத்துப் பட்டா கொஞ்சம் கொஞ்சமாக் கறுக்கும். தண்ணியில போட்டாலும் அழியாது. சும்மா எழுதறவங்களுக்கு நான் அதைக் குடுக்கறதே இல்ல. பேனாவைக் கழுவாம விட்டா நிப்பை அரிச்சிடும். சாதாரண நீல மை அப்படி இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் அழுதுடும்."

லென்ஸ்காரர் கடிதத்தையும் உறையையும் அருகருகே வைத்தார். உறையின் முகவரி மழையில் கரைந்து ஊதாவாகப் படர்ந்திருந்தது. பழைய கடிதங்களிலும் அதே ஊதா கலந்த நீலம்தான்.

"கடிதத்துல ஒரே ஒரு புள்ளியில தண்ணி வைக்கலாமாம்மா?"

அவள் சற்றுத் தயங்கித் தலையசைத்தாள். மச்சான் குச்சி நுனியால் ஒரு முற்றுப்புள்ளியை நனைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றினார். புள்ளி கறுப்பாகவே இருந்தது.

"உறை ஒரு பேனா, கடிதம் வேற பேனா" என்றார் லென்ஸ்காரர். "சரி, மெஷின் எப்பவும் சன்னலோரமாத்தான் இருக்கா?"

"இல்ல, பகல்ல தையல் கடையில வேலை, சாயங்காலம்தான் வீட்டு மெஷின்ல. அதைப் போன வருஷம்தான் சன்னலோரம் மாத்தினோம். அதுக்கு முன்னாடி உள்ரூம்ல…" அவள் சட்டென்று நிறுத்தினாள். "அவர் அதைப் பார்த்ததே இல்லையே."

"தையல் கடை முதலாளி எப்படி?" என்று மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்தார். "கல்யாணம் ஆனவரா?"

"மனைவி தவறிட்டாங்க. ஒருநாள் என்கிட்ட, எத்தனை நாள்தான் இப்படியேன்னு கேட்டார். நான் முகம் குடுத்துப் பேசல. அப்புறம் அவர் கேக்கவே இல்ல."

மச்சான் அத்தானைப் பார்த்த பார்வையில், வழக்கு முடிந்துவிட்டது. லென்ஸ்காரர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"தபால் உங்க கைக்கு எப்படி வரும்?"

"பகல்ல வீடு பூட்டியிருக்கும். தபால்காரர் எங்க அக்காவோட ஆபீஸ்லயே குடுத்திடுவார். அக்கா சாயங்காலம் கொண்டு வருவா. நானும் அக்காவும்தான் இருக்கோம். அவ கல்யாணம் பண்ணிக்கல."

"அக்கா எங்க வேலை பார்க்கிறாங்க?"

"பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துல."

மச்சான் தன் நாற்காலியை மெல்ல, இருந்த இடத்துக்கே தள்ளிவைத்தார். தையல்காரி சட்டைக் கழுத்திலிருந்த ஊசியைப் பிடுங்கி, மறுபடி அதே இடத்தில் குத்திக்கொண்டாள்.

அன்று மாலை மூவரும் வீட்டுக்குப் போனபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வலது நடுவிரலின் பக்கவாட்டில், பல வருடங்களாகப் போகாத கறுப்பு. லென்ஸ்காரரின் கையிலிருந்த உறையைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"உட்காருங்கம்மா" என்றார் அவர். "எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. உறை கப்பல்காரர் எழுதினது. துறைமுக முத்திரையும் நிஜம். அங்கிருந்து இங்க வர ஆறு நாள் ஆகியிருக்கு. உள்ள இருக்கிறதை அங்க எழுதியிருந்தா, வழியிலயே கறுத்திருக்கும். படிக்கிறப்ப நீலமா இருந்ததுன்னா, அன்னிக்கு மத்தியானம்தான் எழுதியிருக்கணும். தபாலுக்கும் உங்க தங்கைக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு மேசை. அந்த மேசையில சட்டப்படி அந்த மைதான் இருக்கும். மெஷின் இடம் மாறினது தெரிஞ்ச ஆளும் அங்கதான் இருந்தாங்க."



"இருபது வருஷமா அதே மை" என்றாள் அக்கா. "எழுதின பக்கத்தைத் திருப்பிட்டு அடுத்த பக்கம் போயிடுவேன். நிறம் மாறுங்கிறதே மறந்துபோச்சு. அடுத்தவங்க எழுத்தைப் பார்த்து எழுதறதுதானே என் வேலை. அவர் எழுத்தும் கைக்கு வந்துடுச்சு."

"ஏன்க்கா?" என்றாள் தையல்காரி.

"மழையில உறை ஒட்டு விட்டிருந்தது, படிச்சேன். அவர் உன்னைக் கூப்பிட்டிருந்தார்." அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "நீ போயிட்டா நான் இந்த வீட்டுக்குள்ள எந்த ரூம்ல உட்காருவேன், சொல்லு. சாயங்காலம் கதவைத் திறந்தா மெஷின் சத்தம் கேக்கணும். ஆறு வருஷம் நீ அவருக்காக ஏங்கினதைப் பக்கத்துல படுத்துப் பார்த்தவ நான். அதுக்குப் பேர் என்னன்னு எனக்கும் தெரியும். அப்படியும் செஞ்சேன்."

"அந்தக் கடிதத்தை என்ன பண்ணினே?"

"பதிவேட்டுக்காரி. காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது."

உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துவந்தாள். தையல்காரி கதவருகே வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று படித்தாள். 'என் தையலுக்கு. கப்பலை விட்டாயிற்று. துறைமுகப் பட்டறையில் வேலை. கீழே முகவரி எழுதியிருக்கிறேன், ஆறு வருடத்தில் முதல் முறையாக. வந்து கூட்டிப்போகத் தைரியம் இல்லை. நீ வந்தால் வாசலில் நிற்பேன். மாதக் கடைசி வரை பார்ப்பேன். பதில் இல்லையென்றால் மறுபடி கப்பல் வேலைக்குப் பெயர் கொடுத்துவிடுவேன்.'

அன்று தேதி இருபத்தாறு.

படித்த கடிதத்தை மடிக்காமல் வெகுநேரம் நின்றாள் அவள். அக்காதான் பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கினாள். துணிகளை அடுக்கினாள். தங்கையின் கத்தரிக்கோலை ஒரு துண்டில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

மறுநாள் காலை ரயிலடிக்கு அக்காவும் வந்தாள். சன்னல் வழியே தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். தங்கை அதை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்காமல். வண்டி போன பிறகும் அக்கா கொஞ்ச நேரம் நடைமேடையிலேயே நின்றதாக மச்சான் வந்து சொன்னார். அவர் எதற்கு அங்கே போனார் என்று லென்ஸ்காரர் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு கார்டு வந்தது.

'ஐயா, அவர் பட்டறையில் இருந்தார். கப்பல் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பியவரைப் பட்டறை வாசலிலேயே பிடித்தேன். இருவரும் பேச ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அக்காவை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவள் தனியாகச் சாப்பிட்டுப் பழகாதவள்.'

லென்ஸ்காரரும் மச்சானும் பதிவு அலுவலகத்துக்கு நடந்தார்கள். அக்கா ஏதோ ஒரு குழந்தையின் பிறப்பை எழுதிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. லென்ஸ்காரர் கார்டை நீட்டினார். அவள் படித்தாள். கடைசி வரிக்கு வந்து, மறுபடி அந்த வரியையே படித்தாள்.

"இது உங்களுக்கு எழுதினது" என்றாள். "நான் வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்குங்கம்மா. மணி ஒண்ணாச்சு. சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். மச்சான் ஒரு நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு தன் டிபன் கேரியரைத் திறந்தார்.