கடைசி நோயாளியின் சம்மதம்

காலையில் பல் துலக்கியதும் குணம் பார்ப்பது நிலாக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கண்ணாடி முன் நின்று தலையைச் சற்றுச் சாய்த்தால் போதும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் குணச்சில்லு, கோபம், பொறாமை, தற்பெருமை எல்லாவற்றின் அளவையும் கண்ணாடியில் எழுதிக் காட்டும். கூடுதலாக இருப்பதை அதுவே குறைத்தும் விடும். அன்று யாழ்மொழிக்கு மற்றவையெல்லாம் அளவோடு இருந்தன; எரிச்சல் மட்டும் சிவப்பில் நின்றது. சில்லு தன் கடமையைச் செய்தது. வயிறு முட்ட வெண்பொங்கல் தின்ற மந்தத்தை அவள் மூளைக்குள் இறக்கியது. அவள் கொட்டாவி விட்டபடி, உள்ளே அதே எரிச்சலுடன், ஆராவமுதன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு மாநாடு. ஆளுமைக் கோளாறுகள் பற்றிய பன்னாட்டு மாநாடு. குணச்சில்லு வந்து இரண்டு தலைமுறைக்குள் ஆளுமைக் கோளாறுகள் அத்தனையும் ஒழிந்துபோயின. ஆனால் துறை ஒழியவில்லை. நோய் போய்விட்டது என்பதற்காகப் பேராசிரியர்களை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? நல்லவேளையாக, ஒரே ஒருவருடைய உடம்பு மட்டும் சில்லை ஏற்கவில்லை. பதித்த இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. அவர்தான் ஆராவமுதன். உலகின் கடைசி நோயாளி. நோய்: தற்பெருமைக் கோளாறு. மாநாட்டுக்கு வரும் முந்நூறு சொச்சம் கட்டுரைகளும் அவரைப் பற்றியவையே. அவர் கைரேகை வைத்துச் சம்மதிக்காமல் எந்த முன்மொழிவையும் மாநாட்டுக் குழு வாங்காது.

யாழ்மொழிக்கு முனைவர் பட்டம் வேண்டுமென்றால் மாநாட்டில் ஒரு கட்டுரையாவது படித்திருக்க வேண்டும். இந்த முறையும் தவறினால் அவள் பதிவு ரத்தாகும். பிறகு பழையபடி கீரைப் பண்ணையில் புழு பொறுக்கும் வேலைதான்.

ஆராவமுதன் வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்க ஆராவமுதன் தன் படங்களையே மாட்டியிருந்தார்.

"யாரும்மா நீ?"

"மூணாவது தடவையா வர்றேன் ஐயா."

"வந்தா? உன்னை நான் ஞாபகம் வச்சுக்கணுமா? நீங்கல்லாம்தான் என்னை ஞாபகம் வச்சுக்கணும்."

முதல் முறை, தலைப்பில் தன் பெயர் கடைசியில் வருகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார். இரண்டாம் முறை, இணைத்திருந்த படத்தில் வழுக்கை தெரிகிறது என்றார். இப்போது முதல் வரியிலேயே விரல் நின்றது.

"'தற்பெருமைக் கோளாறு உள்ளவர்'னு மொட்டையா எழுதியிருக்கியே! ஜப்பான்காரர் 'மிகத் தீவிர'ன்னு போட்டிருக்கார். பிரேசில் அம்மா 'குணப்படுத்தவே முடியாத'ன்னு போட்டிருக்காங்க. நம்ம ஊர்ப் பொண்ணு நீ, ஒரு வார்த்தை கூடப் போட்டா கை வலிக்குமா?"

"என்ன போடணும் ஐயா?"

"'மனித வரலாற்றில் இவரைப் போல் இன்னொருவர் இருந்ததே இல்லை.'"

"குழுவுல ஆதாரம் கேப்பாங்களே."

"தேடு. வேற எதுக்கு ஆராய்ச்சின்னு பேரு?"

வழிகாட்டியான பேராசிரியர் கோதண்டமும் அதையே சொன்னார். "அவர் சொன்னா எழுதிடேம்மா. முப்பது வருஷமா நான் எழுதலியா?"

எழுதியிருப்பாள். ஆதாரம்தான் கிடைக்கவில்லை. மனித வரலாற்றில் அவரைப் போல் இன்னொருவர் இல்லை என்று நிறுவ, பூமியிலிருந்து கொண்டுவந்து சேமித்த பழந்தகவல் கிடங்கைத் திறந்தாள். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க அடுக்கு. அக்கால மக்களின் கைப்பேசிகளில் இருந்தவை அப்படியே கிடந்தன. பார்க்கப் பார்க்கச் சில்லு பொங்கலாக இறக்கியும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுபடி அவர் முன் நின்றபோது அவள் கட்டுரை முற்றிலும் மாறியிருந்தது. ஆராவமுதன் படித்தார். மீண்டும் முதலிலிருந்து படித்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி இலையைப் படம் பிடிச்சு ஊருக்கே காட்டினாங்களா?"

"ஆமாங்கய்யா. ஆறிப் போனதைத்தான் சாப்பிட்டாங்க."

"பிறந்த நாளுக்குத் தன் படத்தையே தெருவை அடைச்சு..."

"கும்பிட்ட மாதிரி நின்னு. பக்கத்துல புலி படமும் வச்சு."

"சாவு வீட்டுலகூடவா தன்னைத்தானே படம் எடுப்பாங்க?"

"பொணம் பின்னால தெரியற மாதிரி."

"எத்தனை பேரு?"

"கோடிக்கணக்குல ஐயா. யாருக்கும் யாரும் மருந்து குடுக்கல. அப்போ அது நோயே இல்ல."

"அப்போ நான்?"

"சராசரி ஐயா."

ஆராவமுதன் சுவரில் இருந்த தன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "கைரேகை எங்கேம்மா வைக்கணும்?" என்றார். வைத்தார். அவள் கதவருகே போனதும் கூப்பிட்டார்.

"நீ சாப்பிட்டியா?"

வாழ்நாளில் அவர் இன்னொருவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. மூலையில் நின்ற மருத்துவ இயந்திரம் உடனே அவரைச் சோதித்து, பூரண குணம் என்று அறிவித்தது.

செய்தி கேட்டுக் கோதண்டம் ஆடிப்போனார்.

"உன்னை யாரும்மா குணப்படுத்தச் சொன்னா? ஆராய்ச்சிதானே பண்ணச் சொன்னேன்!"

"நான் எங்க சார் குணப்படுத்தினேன்? உண்மையைச் சொன்னேன்."

"அதான். உண்மையை நோயாளிகிட்டயா போய்ச் சொல்றது? முந்நூறு கட்டுரையும் போச்சு. மாநாடே போச்சு. உன் பட்டமும் சேர்த்துதான்."

மாநாட்டுக் குழு அவசரமாகக் கூடி ஒரு வழி கண்டது. அறிவியலுக்காக யாராவது ஒருவர் சில்லை அகற்றிக்கொண்டு அடுத்த நோயாளியாக முன்வர வேண்டும். மூத்த பேராசிரியர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். இப்படி ஒரு தியாகத்துக்கு யார் வருவார்கள் என்று தலைவர் கலங்கினார்.

அன்று மாலைக்குள் முந்நூறு பேராசிரியர்களும் விண்ணப்பித்திருந்தார்கள், தலைவர் உட்பட. 'உங்களைவிடத் தகுதியானவர் உண்டா?' என்ற இடத்தில் ஒருவர் தவறாமல் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். கேட்காமலே படங்களை இணைத்திருந்தார்கள். கோதண்டம் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் வைத்திருந்தார். எல்லோருடைய சில்லும் பழுதின்றி வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இங்கேதான் விதி குறுக்கே வந்தது. நோயாளியாக விண்ணப்பித்தவர் முன்மொழிவுகளை மதிப்பிடக் கூடாது. பதிவாளர் இயந்திரம் பட்டியலைச் சலித்துப் பார்த்தது. துறையில் விண்ணப்பிக்காதவர் ஒருவர்தான் மிஞ்சினார், அதன் ஒரே மாணவி. ஆராவமுதன் குணமானதால் மற்ற முன்மொழிவுகள் தாமாகவே செல்லாமல் போக, அவருக்கு நோயில்லை என்று சொன்ன ஒன்று மட்டும் நின்றது. இயந்திரம் அதை யாழ்மொழிக்கே மதிப்பீட்டுக்கு அனுப்பியது.

யாழ்மொழி தன் கட்டுரையை நடுநிலையோடு படித்தாள். 'ஒருமனதாக ஏற்கப்படுகிறது' என்று எழுதினாள். வெறுமையாகத் தெரிந்ததால், 'இத்துறையின் போக்கையே மாற்றும் துணிச்சலான ஆய்வு' என்றும் சேர்த்தாள். அந்த வரி நன்றாக வந்திருந்தது. அதை அப்படியே எடுத்து, குடியிருப்பு முழுக்கப் பார்க்கும் பொதுத்திரையில் ஏற்றினாள்.

பட்டம் உறுதி. பண்ணைக்குப் போக வேண்டியதில்லை. நிம்மதியாகப் படுத்திருக்கலாம். ஆனால் அவள் திரையை விட்டு நகரவில்லை. கோதண்டம் பார்த்துவிட்டார் என்று அது தெளிவாகக் காட்டியது. பார்த்து நெடுநேரமாகிவிட்டது. பார்த்துவிட்டும் மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!