விலை கூடின பெட்ரோல்

சனிக்கிழமை விடிந்த கையோடு, நல்லம்பள்ளிக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அத்தோடு சரி, கிளம்பவே இல்லை. ஓட்டிவந்த சந்திரமோகன் பின்சீட்டுக்குத் தாவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கிருஷ்ணப்பனை மடியில் போட்டுக்கொண்டான். ஆம்புலன்ஸ் வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை.

கொடுமை என்னவென்றால், அந்தப் பழைய காரை வாங்கியதே இதற்காகத்தான். தை மாதம் கிருஷ்ணப்பனுக்கு முதல்முறை நெஞ்சு வலித்தபோது பஸ்ஸுக்குக் காத்து நின்று போய்ப் பிழைத்தார். இன்னொரு தடவை அப்படி நிற்கக் கூடாது என்று மகன் கடன் வாங்கிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். எமனுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன?

மத்தியானத்துக்குள் ஊரே பெட்ரோல் பங்க் வாசலில் உட்கார்ந்துவிட்டது. தப்பான பெட்ரோலைப் போட்டு ஆளைக் கொன்றுவிட்டாள் என்று பேச்சு. கொன்றவளாம் வெண்மதி, அந்த பங்க்கில் பெட்ரோல் அடிக்கும் பெண். பங்க் முதலாளி யோசிக்கவே இல்லை. அவளை வேலையை விட்டு நிறுத்தி, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நழுவிவிட்டார். இருட்டுவதற்குள் கைது செய்யாவிட்டால் ஹைவேயை மறிப்போம் என்றது கூட்டம். மேலிடத்திலிருந்தும் எஸ்.ஐ. நிர்மலாதேவிக்குப் போன் வந்தது: யாரையாவது சீக்கிரம் காட்டும்மா.

யாரையாவது காட்டுவது எளிது. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வழக்கு ஒன்று விழுந்துவிட்டால் இனி எந்த பங்க்கிலும் இவளை நிறுத்த மாட்டார்கள் என்பது நிர்மலாதேவிக்குத் தெரியும்.

"எதைப் போட்டே?"

"விலை கூடின பெட்ரோல்தாங்க மேடம். அவரு கேட்டதே அதான்."

"சாதாவைப் போட்டு நீ ஏமாத்திட்டேன்னு சந்திரமோகன் சொல்றாரு."

"இல்லைங்க. உங்க வண்டிக்கு சாதாவே போதும், கம்பெனிக்காரனே அதைத்தான் சொல்லியிருப்பான்னு சொன்னேன். அதுக்கே கோவிச்சுக்கிட்டாரு."

அழவில்லை அந்தப் பெண். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நிர்மலாதேவி நேரே பங்க்குக்குப் போனாள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை சந்திரமோகனுக்கு அடித்த அதே குழாயில் பெட்ரோல் போட்ட கார்களும் பைக்குகளும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால் நிறம் மாறும் பசை ஒன்று உண்டு. அதைத் தடவிய கம்பியை அவள் கண்ணெதிரிலேயே உள்ளே விட்டு எடுத்தார்கள். நிறம் மாறவில்லை.

அடுத்து ஏரிக்கரை. மெக்கானிக் சின்னராஜ் காரின் பின்சீட்டைக் கழற்றி, அதற்கடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கின் அடிமட்டத்திலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். மேலே பெட்ரோல். கீழே தனியாக இன்னொரு அடுக்கு. அதற்கும் கீழே கொஞ்சம் நைசான மணல்.

"தண்ணிங்க மேடம். ஒரு லிட்டருக்குக் கொறையாது. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்குதில்ல, அது தண்ணியோட கூட்டுச் சேர்ந்து அடியில போய் உக்காந்துக்கும். இன்ஜின் அதைத்தான் குடிச்சிருக்கு. சாதாவா இருந்தாலும் இதே கதிதான், விலை கூடினதா இருந்தாலும் இதே கதிதான்."

ஆக, தண்ணீர் பங்க்கில் ஏறவில்லை. பிறகு எங்கே ஏறியது? அங்கேதான் முடிச்சு விழுந்தது. ராத்திரி காரை வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் வாய்க்கு மேலிருக்கும் கதவு வெளியிலிருந்து திறக்காது. டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் பிடியை இழுத்தால்தான் திறக்கும். கார் சாவியோ மகன் தலையணைக்கடியில்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பன் பேரில் இருக்கும் காடு கழனிக்கு ஆசைப்பட்டு மகனே செய்திருப்பான் என்று இரண்டு பேர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். நிர்மலாதேவி அதைக் காதில் வாங்கவில்லை. அப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கதறிய கதறலை அவள் காலையில் பார்த்தவள்.

காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னால் சந்தனம், குங்குமம். டயருக்கு டயர் பொட்டு. ஸ்டீயரிங்கிலும் ஒன்று. வெள்ளிக்கிழமைப் பூசை. சீட்டுக்குக் கீழே கை விட்டுப் பிடியை இழுத்தாள். பெட்ரோல் கதவு திறந்துகொண்டது. உள்ளே திருகு மூடியின் நட்டநடுவில், கொஞ்சம்கூடக் கலையாமல், சந்தனத்தின் மேல் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

"மூடியத் தொட்டீங்களா?"

"இல்லைங்க. எல்லாம் சீட்டுக்கு அடியிலேயே எடுத்துட்டேன்," என்றார் சின்னராஜ்.

அந்தப் பொட்டைக் கலைக்காமல் அவள் கதவைச் சாத்தினாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

கிருஷ்ணப்பனின் உடல் தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. வீடு நிறையப் பெண்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவர் மனைவி காசியம்மாளுக்கு எதிரே நிர்மலாதேவி தரையில் உட்கார்ந்தாள். காசியம்மாள் கழுத்தில், ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய், காவிரியில் முழுகி, புருஷன் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டு மாற்றிய தாலிக்கயிறு. மஞ்சள்கூட மங்கவில்லை. சாமி மாடத்தில் அதே மஞ்சள் நூல் சுற்றிய பிளாஸ்டிக் கேன். பாதித் தண்ணீர். அடியில் நைசான மணல்.

கேட்கத்தான் வேண்டுமா? கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை பண்ணுனீங்களாம்மா?"

"பண்ணாம இருப்பனா கண்ணு? மோகன் பெட்ரோல் போட்டுட்டு வந்து, வண்டியக் கழுவிட்டுக் குளிக்கப் போனான். கார்க் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. ஒரு மாசமா ஒரே பொலம்பல் அவன். தப்பான பெட்ரோல் வுழுந்துட்டா நடுரோட்டுல நின்னுருமாம். எது நல்ல பெட்ரோல்னு எனக்கென்ன தெரியும்? சீட்டுக்கடியில இழுக்கறத அவன் செய்யறப்பப் பாத்திருக்கேன். மனுசருக்குத் தலையில தெளிக்கறோம். வண்டிக்கு வாயி அதுதானேன்னு காவேரித் தீர்த்தத்த வுட்டு, திருகி மூடி, அது மேல பொட்டு வெச்சேன்."

காசியம்மாள் நிர்மலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதிதான் வுட்டேன். மீதிய வூட்டுச் சாமிக்குன்னு நிறுத்திக்கிட்டேன். அதாங்கண்ணு நெஞ்ச அறுக்குது. முழுசா வுட்டிருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்குமில்ல?"

நிர்மலாதேவி தேறுதல் சொல்வதுபோல் ஏதோ முனகிவிட்டு எழுந்தாள்.

காலி ஷெட்டில் சந்திரமோகனை நிறுத்தி உடைத்துச் சொன்னாள். தண்ணீர், மணல், பாதிக் கேன். அவன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான்.

"பங்க்லதான் மேடம். அந்தப் பொண்ணுதான்."

"மூடியில பொட்டு கலையாம இருக்கு. அதைப் புடிச்சுத் திருகாம பெட்ரோல் போட முடியுமா? அப்படின்னா பொட்டு பங்க்குக்கு அப்புறம் வெச்சது. பொட்டு வெச்ச கைதான் மூடியக் கடைசியாத் திருகின கை. வெச்சது உங்கம்மா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதமாகக் கண்ட வீடியோவெல்லாம் பார்த்து, இந்தப் பெட்ரோலா அந்தப் பெட்ரோலா என்று வீட்டில் புலம்பியது அவன்தானே. பயத்தை அவன் விதைத்தான், தீர்த்தத்தை அவள் ஊற்றினாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான்.

"தெரியாது. வேணும்னு செஞ்சதில்ல, வழக்கு வராது. ஆனா வெண்மதிய வுடணும்னா, தண்ணி எப்படிப் போச்சுன்னு ஊருக்குச் சொல்லியாகணும். எனக்கு வேற வழி தெரியல."

"நான் சொல்றேன்," என்றான்.

சொன்னான். பங்க் வாசலில் கூட்டத்துக்கு நடுவே நின்று, வண்டி கழுவும்போது பெட்ரோல் மூடியைத் திறந்து போட்டிருந்தேன், தண்ணீர் விட்டது நான், அந்தப் பெண் கேட்டதைத்தான் போட்டாள் என்றான். பக்கத்தில் நின்ற நிர்மலாதேவிக்கு அது பொய்யென்று தெரியும். வாயைத் திறக்கவில்லை. காறித் துப்பினார்கள் சிலர். அப்பனைக் கொன்ற பிள்ளை என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதான். வெண்மதியை முதலாளி அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் உடலைக் கொண்டுவந்து இறக்கியது. திரும்பப் போக டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது, காசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் அந்தக் கேன்.

"இருப்பா. இந்த வண்டியாச்சும் நிக்காம ஓடட்டும்."

வண்டியைச் சுற்றி வந்து அதன் வாயைத் தேடினாள். நிர்மலாதேவி ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் சந்திரமோகன் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டான்.

"அதுக்கு வேணாம்மா. இது அப்பாவுக்கு ஊத்து."

அவளை அழைத்துப்போய், குளிப்பாட்டக் கிடத்தியிருந்த கிருஷ்ணப்பன் தலைமாட்டில் உட்கார வைத்தான். காசியம்மாள் மூடியைத் திருகி, தீர்த்தத்தை அவர் தலையில் மெதுவாக விட்டாள். கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்த மணலையும் உதறினாள். இந்தத் தடவை அவள் ஒரு சொட்டும் மீதி வைக்கவில்லை.