செய்திக்காப்பு

நுழைவாயில் பலகையில் அன்று காலை 11,304 என்று இருந்தது. எங்கள் சைட்டில் விபத்து இல்லாமல் கடந்த மணி நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்துக்கு வந்த நாற்பத்தொரு பேரும் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைபேசிகளைத் தகரப் பெட்டியில் போட்டார்கள். கடைசியாக நானும் போட்டேன். பிறகு நாடியை அளக்கும் துடிப்புச்சட்டைகளை மாட்டிக்கொண்டோம். நெஞ்சுப் பக்கம் இருக்கும் சிறு விளக்கு, பதற்றமில்லை என்று எல்லோருக்கும் பச்சையாக எரிந்தது. லிஃப்ட் கிளம்பியது.

எண்ணூர்க் கரையில் கடல் எடுத்துக்கொண்ட தெருக்களின் மக்களுக்காக எண்பது மாடிகள் எழுப்புகிறோம். வெயில் ஏறிய இந்த வருடங்களில் விடியலிலும் சாயங்காலத்திலும்தான் மேலே வேலை செய்ய முடியும். தினமும் ஏறி இறங்கினால் அந்த நேரமும் போய்விடும். ஆகவே ஏறினால் ஆறு நாள் மேலேயே இருப்போம். அறுபத்திரண்டாவது மாடியில் படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உண்டு. சனிக்கிழமை காலை இறக்கம். நான் பாதுகாப்பு அலுவலர். பெயர் பூரணி. எல்லோருக்கும் மேடம்.

என் வேலையில் கயிறும் வலையும் கொஞ்சம்தான். அவற்றை எந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. கொக்கி சரியாக மாட்டாவிட்டால் சட்டை நகரவிடாது. சாரத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்தால் ட்ரோன் வந்து முறுக்கிவிட்டுப் போகும். அப்படியும் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் விழுந்தவர்களின் கைபேசிகளை யாரோ திறந்து பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஓர் அழைப்பு வந்திருந்தது. வீட்டில் சண்டை, மாமனார் மரணம், பையன் பாஸாகிவிட்டான், பெண் பிறந்திருக்கிறாள். நல்ல செய்திக்கும் கால் வழுக்கியிருந்தது. கொக்கியை மாட்ட வேண்டிய கை, செய்தியைக் கேட்டதும் மாட்டியதாக நினைத்துக்கொண்டுவிடும்.

அதன் பிறகு வந்ததுதான் செய்திக்காப்புச் சட்டம். மேலே இருக்கும் எவருக்கும் வெளிச் செய்தி போகக் கூடாது. வருவதெல்லாம் பாதுகாப்பு அலுவலரின் திரைக்கு வரும். அவர் காத்து வைத்திருந்து, ஆள் தரையில் கால் வைத்த பிறகு சொல்ல வேண்டும். முன்கூட்டி இறக்கவும் முடியாது. ஆரம்பத்தில் இறக்கிப் பார்த்தார்கள். வழக்கமில்லாத நேரத்தில் ஒருவனை லிஃப்டில் ஏற்றினால், என்ன என்று தெரியாமலேயே அவன் எல்லாவற்றையும் நினைத்துவிடுகிறான். அப்படி ஒருவன் லிஃப்டிலிருந்தே குதித்தான்.

சொல்வதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். கீழே, சிமெண்ட் கொட்டகையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார வைப்பேன். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வேன். ஒரு டம்ளர் தண்ணீர். குடித்து முடிக்கும்வரை பேச மாட்டேன். பிறப்பானாலும் இறப்பானாலும் இதே வரிசை, இதே முகம். ஏற்றம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் இதைக் கற்றுக்கொடுப்பேன். ஏனென்றால் எனக்கு வரும் செய்தி மட்டும் என் திரைக்கு வராது. நாற்பத்தொரு பேரில் ஒருவருக்குப் போகும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் குலுக்கல். யார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஏற்றத்தில் எனக்குச் செய்தி வரும் என்று தெரியும். திங்கட்கிழமை அம்மாவுக்கு இதய வால்வு மாற்றுகிறார்கள். மாற்று அலுவலர் கிடைக்கவில்லை. நான் வராவிட்டால் யாரும் ஏற முடியாது.

"நீ பக்கத்துல ஒக்காந்து இன்னா தைக்கவா போற? டாக்டரு தைப்பாரு. நீ போ" என்றாள் அம்மா. கூட இருப்பதாகச் சித்தி சொன்னாள். நான் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கழிந்தது. நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். கம்பி கட்டும் பெண்கள், வெல்டர்கள், சமையற்காரர். நான் சொல்லிக்கொடுத்த முகத்தையே எல்லோரும் வைத்திருந்தார்கள்.

கேட்கவும் வழி இருக்கிறது. 'எனக்குச் செய்தி உண்டா' என்று பொது இணைப்பில் யாரும் கேட்கலாம். கேட்ட நிமிடமே வேலை நிற்கும். எல்லோரையும் இறக்கிய பிறகுதான் பதில். எனக்கு முன்னால் இருந்த அலுவலர் ஒருமுறை தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். பாதி ஊற்றிய கான்கிரீட் அப்படியே இறுகியது. அத்தனை பேரும் இறங்கிய பிறகு படித்துக் காட்டினார்கள். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம். வேறு ஊருக்குப் போன பிறகும் அவருக்கு மோட்டார் சார் என்றே பெயர்.

செவ்வாய்க்கிழமை காலை என் திரையில் ஒரு செய்தி வந்தது. வெல்டர் செந்தட்டியின் தந்தை சங்கரன்கோவிலில் இறந்துவிட்டார். மகன் வரும்வரை வைத்திருக்க முடியாது, அன்று மாலையே எடுக்கிறார்கள்.

அன்று மதியம் என் தட்டை எடுத்துக்கொண்டு செந்தட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். செய்தி வந்த ஆளின் விளக்கு பச்சையாகவே இருக்க வேண்டும். ஆகவே செய்தியைக் காக்கும் நாங்கள் அவர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்வோம். இது சட்டத்தில் இல்லை. நாங்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

"மேடம் நம்ம வரிசைக்கு வந்துட்டாவ. என்ன தப்பு பண்ணுனேன்?" என்றான் செந்தட்டி.

"ஒண்ணும் இல்ல. அங்க ஃபேன் ஓடல."

"இங்கயும் ஓடலையே."

"அப்ப ரெண்டு பேரும் வேர்த்துட்டே சாப்பிடலாம்."

என் பங்கு மீனை அவன் தட்டில் வைத்தேன். வெல்டிங் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஆபத்தில்லாத கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"மதுரையில. எங்கப்பாவுக்கு இன்னும் நான் என்ன வேலை பாக்கேன்னே தெரியாது மேடம். மெட்ராஸ்ல பெரிய கட்டடத்துக்கு மத்தாப்பு கொளுத்துதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாரு."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் ஆடுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைச் சொன்னான். எல்லாம் சொந்தக்காரர்களின் பெயர்களாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் நெஞ்சில் விளக்கு நல்ல பச்சையில் எரிந்தது. மாலையில் அவர்கள் எடுக்கும் நேரத்தில் அவன் எழுபதாவது மாடியில் ஒரு தூணின் மேல் குனிந்திருந்தான். தீப்பொறிகள் கீழே வலையில் விழுந்து அணைந்துகொண்டிருந்தன. இது நான் காத்த எத்தனையாவது மரணம் என்று எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

புதன்கிழமை காலை பொது இணைப்பில் ஜெபமணியின் குரல் வந்தது. கிரேன் ஓட்டுபவர். தூத்துக்குடிக்காரர், ஐம்பது தாண்டியவர். அதிகம் பேச மாட்டார்.

"மேடம், இங்கன ஒரு காக்கா ஹெல்மெட் போடாம நிக்கி. ஃபைன் போடுதியளா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "பேர் என்னன்னு கேளுங்க" என்றேன்.

"கேட்டுட்டேன். கான்ட்ராக்டர்னு சொல்லுது."

மாடி மாடியாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. நானும் சத்தமாகவே சிரித்துவிட்டேன். மதியம் அவர் கிரேன் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் எப்போதும் கூண்டிலேயே சாப்பிடுபவர். கருவாட்டை இடித்துச் செய்த மாசிச் சம்பல் ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வந்து என் எதிரில் வைத்தார்.

"காக்கா வேலைய விட்டுட்டுப் போயிட்டு மேடம். கூண்டுல தனியா உண்ண பிடிக்கல. நீங்களும் தினம் தனியாத்தான் உண்ணுதிய."

"காரமா இருக்குமா?"

"அழுதா நான் பொறுப்பில்ல."

காரமாகத்தான் இருந்தது. அவர் முதன்முதலில் கிரேன் ஏறியபோது இறங்கப் பயந்து சாயங்காலம்வரை மேலேயே உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். வெகுநாள் கழித்து இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று மாலை ரேடியோவைக் கையில் எடுத்தேன். கேட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். இரண்டு நாள் ஆகிவிட்டது. அம்மா கண் விழித்திருப்பாளா என்று தெரிந்தால் போதும். அறுபத்தெட்டாவது மாடியில் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சார் நினைவுக்கு வந்தார். பிறகு ஹெல்மெட் இல்லாத காகம் நினைவுக்கு வந்தது. தானாகச் சிரிப்பு வந்தது. என் விளக்கைக் குனிந்து பார்த்தேன். பச்சையாக இருந்தது. சனிக்கிழமை தெரிந்துகொள்ளலாம் என்று ரேடியோவைத் திரும்ப மாட்டினேன்.

வியாழனும் வெள்ளியும் வேலை மட்டும்தான் நடந்தது.

சனிக்கிழமை காலை இறங்கினோம். பலகையில் 11,448. தரையில் கால் வைத்ததும் உடம்பு இன்னும் ஆடுவதுபோல் இருந்தது. எல்லோரும் தகரப் பெட்டியை நோக்கி நடந்தார்கள். செய்தி உள்ளவர்களுக்கு நான் சொல்லி முடித்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்கள். அதுதான் முறை. செந்தட்டியின் தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்தான். பிறகு கொட்டகைக்கு வந்தான்.

உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். தண்ணீரை மெதுவாகக் குடித்தான். சொன்னேன்.

காலி டம்ளரைக் கையில் உருட்டினான்.

"செவ்வாக்கெழமையா மேடம்?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"அன்னைக்குத்தான் நீங்க மீன் வச்சிய." டம்ளரைக் கீழே வைத்தான். "அவரப் பத்திப் பேசிட்டு இருந்தேன். நீங்க சிரிச்சிய."

"செந்தட்டி..."

"தப்பாச் சொல்லல. மேல வச்சுச் சொல்லியிருந்தா நான் விழுந்திருப்பேன். தெரியும்." எழுந்தான். "ஆனா இனிமே எனக்கு யாரும் மீன் வைக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

அவன் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மீன் வைத்த கையைப் பார்த்தேன். பிறகு மாசிச் சம்பல் ஞாபகம் வந்தது. முக்கால் மணி நேரம் செலவழித்து இறங்கி வந்த ஒரு மனிதர். பேசாதவர் அன்று பேசிய பேச்சு. ஆறு நாள் எல்லோர் முகத்தையும் தேடிய நான், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகத்தைப் படிக்கவில்லை. அது சும்மா வந்த அன்பு என்று நினைத்துவிட்டேன். இந்த வேலையில் இருக்கும் நானே நினைத்துவிட்டேன்.

கொட்டகை வாசலில் ஜெபமணி நின்றிருந்தார். கையில் ஒரு டம்ளர்.

"உக்காருங்க மேடம்."

எப்போதும் மற்றவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஹெல்மெட்ட கழத்திக்கோங்க."

கழற்றினேன். நெற்றியில் பட்டை பதிந்த இடம் எரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நான் கற்றுக்கொடுத்தபடியே இருந்தது. நல்லதாக இருந்தாலும் இதே முகம்தான், இதே தண்ணீர்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த விதியை உருவாக்கியவளே நான்தான். தண்ணீர் குடித்தேன். கடைசி மடக்கை மிச்சம் வைத்தேன். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டேன்.

"முழுசும் குடிங்க."

குடித்தேன்.

"புதன்கிழமை வந்துச்சா?" என்று கேட்டேன்.

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் ஹெல்மெட்டையும் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அது என் முறையில் இல்லை.

"ரெண்டு செய்தி மேடம். புதன்கிழமை காலையில ஒண்ணு. அம்மா நல்லா முழிச்சு, பூரணி எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருக்காவன்னு." ஹெல்மெட்டை முழங்காலில் திருப்பினார். "நீங்க சாயங்காலம் கேட்டுருவியளோன்னு பயந்துட்டே இருந்தேன். கேக்காமப் போயிட்டியளேன்னு நேத்து பூரா நெனச்சுட்டே இருந்தேன்."

"ரெண்டாவது?"

வெளியே தகரப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். நாற்பது கைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

"நேத்து விடியக்காலையில உங்க அம்மா இறந்துட்டாவ."