குழாய்களுக்கு உறை போட்டவர்

பாலிதீன் சுவர் வெளிப்பக்கமாக உப்பியது.

அப்படி உப்பவே கூடாது. பழைய மருத்துவமனையின் கொதிகலன் அறையை முழுக்க மூடி, நீராவிக் குழாய்களிலிருந்து உரிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பூச்சின் தூசு வெளியே கசியாதபடி இயந்திரம் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்போது, அந்தச் சுவர் பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி உள்ளேதான் ஒட்டியிருக்க வேண்டும். வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். இந்த வேலைக்குத் திட்டம் போட்டவளும் அவள்தான், மேற்பார்வையும் அவள்தான்.

"மெஷின் ஓடுதா தம்பி?"

"நல்லா ஓடுதுக்கா. மீட்டர் முள்ளு பச்சையிலதான் நிக்குது." மெஷின்காரன் சிரித்தான். "எமனே வந்தாலும் முகமூடி போட்டாத்தான் நீங்க உள்ள விடுவீங்க. அப்புறம் என்ன கவலை?"

மற்றவர்கள் குளித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். உள்ளே அவள் மகன் மட்டும். ஒரு குழாய் வளைவுதான் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். தனியாக யாரையும் விடக்கூடாது என்று சட்டம் பேசுகிறவள், பெற்ற பிள்ளை கேட்டதும் தலையாட்டிவிட்டாள். அப்பா பார்த்த குழாய் வேலைதான் வேண்டும் என்று அவன் அடம்பிடித்தபோதும் இப்படித்தான். எங்கேயோ போய்த் தூசு தின்பதைவிட என் கண் முன்னால் கிடக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டாள்.

சுவர் மறுபடி உப்பித் தணிந்தது. சின்னதாய் இரண்டு இழுப்பு, பிறகு நீண்ட இடைவெளி, அந்த இடைவெளியில் குழாய்கள் ஆறும்போது எழும் முனகலும் எங்கோ சொட்டும் தண்ணீரும் மட்டும். கணவரின் கடைசி மாதத்தில் இருட்டில் விழித்துக் கிடந்து அவள் கேட்ட மூச்சு இது. இதே குழாய்களுக்கு வெறுங்கையால் பூச்சு குழைத்து உறை போட்டவர் அவர். அந்தத் தூசால் நுரையீரல் இறுகி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போனார். போன பிறகும் அந்த மூச்சைக் கேட்க அவள் ஏங்கியிருக்கிறாள். அதுதான் இப்போது பயமாக இருந்தது.

ஈரப் பூச்சின் வாசனை வந்தது. மூடிய அறையிலிருந்து வாசனை வரக்கூடாது.

உள்ளே மகன் யாரிடமோ பேசுவது கேட்டது. "கண்ணு, உள்ள யாரு கூட பேசுற?" சுவரோடு வாயை வைத்துக் கேட்டாள்.

"அப்பாகூடம்மா." மகனின் குரலில் முகமூடியின் அடைப்பு இல்லை. "இந்தத் தூசு ஒண்ணும் பண்ணாதாம். சுண்ணாம்பு மாதிரிதானாம்."

"முகமூடியப் போடுடா. அவரு பேச்சக் கேக்காத. கண்ணு, வெளிய வா."

சுவரைக் கிழிக்கக் கத்தி பையில் இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் மெஷின்காரன் வெறும் முகத்தோடு நிற்கிறான். மேல்மாடியில் நோயாளிகள். கிழிக்க மனசு வரவில்லை. மூன்று சிறு அறைகளைத் தாண்டி உள்ளே போகும் முறையான வழியில் ஓடினாள். முதல் அறையில் பாதுகாப்பு உடுப்பு. முகமூடி. பட்டி நழுவியது. மறுபடி மாட்டினாள். உள்ளங்கையால் அடைத்துக் கசிவு பார்த்தாள். கசிந்தது. மறுபடி. பட்டியை இறுக்கிப் பார்த்தாள். இந்தத் தடவை கசியவில்லை.

இரண்டாவது அறை.

மூன்றாவது.

திரையை விலக்கினாள்.

குழாய்கள் எல்லாம் உரிக்கப்பட்டு வெறுமையாக இருந்தன. மகன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முகமூடி பக்கத்தில் கிடந்தது. அவன் எதிரே, முதுகு காட்டி, ஒருவர் மண்டியிட்டிருந்தார். அந்தப் பின்கழுத்தை அவளுக்குத் தெரியாதா?

அவர் வாளியிலிருந்து வெள்ளைப் பூச்சை அள்ளி, மகனின் கால்களைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, நெஞ்சைச் சுற்றி, துணி வைத்து இறுக்கி, உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பதமாக. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி.

"சூடு வெளிய போகக் கூடாதுல்ல," என்றார்.

"நல்லா கதகதன்னு இருக்கும்மா," என்று மகன் சிரித்தான். பல்லெல்லாம் தூசு.

அவள் கத்தினாள். கத்தல் முகமூடிக்குள்ளேயே நின்றது. அவர் இன்னொரு கை பூச்சை அள்ளினார். கழுத்துவரை முடிந்திருந்தது.