மணி அடித்தால் யார் போவது

இத்தாலியின் பலெர்மோவுக்கு எல்லோரும் கடல் பார்க்க வருகிறார்கள். நான் அக்கா செத்த வீட்டைப் பார்க்க வந்தேன்.

கால்சாப் பகுதியில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மாளிகையின் மேல்மாடி. இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பரமேஸ்வரியின் தம்பி என்று பாரிசிலிருந்து தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் பேச்சை முறித்துக்கொண்டவன், வேறு பெயரில் அறை கேட்டதும் வாசல்வரை வந்து வரவேற்றான். அக்கா பராமரித்த வயதான எசமானி சின்யோராவின் மகன். பல் தெரியச் சிரித்தான்.

"அம்மா இந்த அறையில்தான் இருந்தார். அமைதியான சாவு," என்று மூலை அறையைக் காட்டிப் பிரெஞ்சில் சொன்னான்.

அதே வீட்டில் அதற்கு முன்பு இன்னொருத்தியும் செத்தாள் என்று வாய் திறக்கவில்லை. பாஸ்போட்டைப் பதிய மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் அவன் போகும்வரை தலை நிமிரவில்லை. பிறகு வாளியை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள். பெயர் அமலினி, மன்னார்.

"நீங்கள் பரமேஸ் அக்கான்ர தம்பியோ? மூக்கு அப்பிடியே கிடக்கு."

"ஓம். அக்காவுக்கு என்ன நடந்தது, பிள்ளை?"

"காய்ச்சல், அண்ணை. ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு கெஞ்சினவ. இவன் குடும்பத்தோட கடலுக்குப் போட்டான். கிழவியைப் படுக்கையில விட்டிட்டு இவ போயிடுவா எண்டு வெளிக்கதவைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போனவன்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பல்கனியில நிண்டு கீழ என்னோட கதைச்சவ. அதுக்குள்ள கிழவி மணி அடிச்சிது. 'ஓம், வாறன்' எண்டிட்டு உள்ள போனா. நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதவை உடைக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "மத்தியானத்தில இஞ்சை நிக்காதேங்கோ, அண்ணை."

மாரடைப்பு என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நாங்களும் நம்பி அழுதோம். இனி அழுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மத்தியானம் ஆபிரிக்காப் பக்கமிருந்து சுடுகாற்று வீசத் தொடங்கியது. தெரு முழுவதும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது. நானும் சாத்தினேன். உச்சி வெயிலில் வீடு இருண்டு போனது. மரப்பலகை இடுக்குகளில் காற்று முனகியது. கிழவிகளின் அறையில் இருக்கும் மருந்தும் வாசனைத் தண்ணீரும் கலந்த மணம் மெல்ல வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மணம். கோடாலித் தைலம்.

அக்கா தலையிடிக்குப் பூசுவது.

மணி அடித்தது.

கையால் ஆட்டும் சின்ன மணி. மூலை அறையிலிருந்து.

"ஓம், வாறன்."

செருப்பு தேயும் சத்தம் என் கதவைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மூச்சு இளைப்பதும் கேட்டது. மறுபடியும் மணி.

"ஓம், வாறன்."

பயந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் மேலே வந்தது. செத்த பிறகுமா? செத்த பிறகும் இவளுக்கு ஒரு லீவு இல்லையா?

வீட்டுக்காரன் வந்தான். கூடத்தில் நின்று என் பாஸ்போட்டை விரித்தான். அழகரத்தினம் என்ற அப்பாவின் பெயரை அவன் அக்காவின் பாஸ்போட்டிலும் பார்த்திருப்பான். சிரிப்பு நின்றது.

அப்போது மணி அடித்தது.

அவனுக்கும் கேட்டது. முகம் வெளிறியது. ஆனால் அவன் அந்த அறைப் பக்கம் திரும்பவே இல்லை. யாராவது போவார்கள் என்று காத்து நின்றான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"ஓம், வா..."

"போகாதை அக்கா!" என்று கத்தினேன். "அது அவன்ர தாய். அவன் போகட்டும்!"

செருப்புச் சத்தம் நின்றது.

மணி அடித்தது. யாரும் போகவில்லை. மணி விடாமல் அடித்தது.

பிறகு மணியைக் கீழே வைத்த சத்தம்.

கட்டில் முனகியது.

ஊன்றுகோல் ஒன்று தரையில் தட்டியது. கடைசிக் காலமெல்லாம் படுக்கையில் கிடந்தவள் எழுந்துவிட்டாள்.

"வாறன், அம்மா," என்று அவன் இத்தாலிய மொழியில் சொன்னான். சின்னப் பிள்ளையின் குரல். கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது, கால்கள் நடந்தன. விரல் விரலாகப் பிடி கழன்றது. மூலை அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

நான் போய்த் திறக்கவில்லை.

அவன் கைநழுவ விட்ட பாஸ்போட்டைப் பொறுக்கிக்கொண்டு, வெளிக்கதவை அகலத் திறந்து வைத்தேன். வெறும் கூடத்தைப் பார்த்து, "வா, போவம்," என்றேன்.

அமலினி போகாமல் கீழ்ப்படியில் காத்திருந்தாள். நான் இறங்கி வர, சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். தெருவில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் சுவரோடு ஒட்டியபடியே நின்றாள். அவள் பார்வை என்மேல் இல்லை. நான் இறங்கி வந்த படிகளில் இருந்தது.

நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"படி ஈரமாக் கிடக்கு, அக்கா. பாத்து இறங்குங்கோ."